செட்டிநாட்டுக் கலைச் சந்தைகளில் தாவர ஓவியம்: காட்சிக்கு வைப்பதும் விற்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் நடக்கும் கலைச் சந்தைகள், கல்லூரிக் கண்காட்சிகள், பழைய வீட்டு விடுதிகளின் வாரக்கடைசி விற்பனை ஆகியவற்றில் தாவர ஓவியம் வைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தாளில் நீர்வண்ணத்தால் வரைந்த படங்களை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

பூப்படத்துக்கும் தாவர ஓவியத்துக்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற பூ அழகான பூதான். ஆனால் அது என்ன செடியின் பூ என்று கேட்டால் பதில் இல்லை. தாவர ஓவியத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். இலை எதிரெதிராக வந்ததா மாறி மாறி வந்ததா, புல்லி (பூவைத் தாங்கும் வெளியிதழ்) எத்தனை, காய் எப்படி வெடிக்கிறது என்று பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்குப் படம் உண்மையாக இருக்கும். ஸ்டாலுக்கு வருபவரிடம் இந்தச் சேதியை ஆத்தங்குடிக் கல்லைக் காட்டியே சொல்லுங்கள், உடனே பிடிபடும்.

இது நமக்குப் புதிய கலையும் அல்ல. கும்பினி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட இந்தியத் தாவரப் பட நூல்களுக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரால் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று வைட் பெயர் வைத்தார்.

எந்தச் செடியை வரைந்தால் விற்கும்?

பார்த்ததும் அடையாளம் தெரிகிற செடியை. ரோஜாவும் ஆர்க்கிடும் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். செட்டிநாட்டுச் சந்தைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) ஊர் திரும்பியவர்கள். ‘இது எங்க ஐயா வீட்டுப் பின்கட்டுல நின்ன செடியில்ல!’ என்று ஒருவர் நின்றுவிட்டால் பாதி விற்பனை முடிந்தது.

ஊர்ப் பெயரையே பாருங்கள். காரைக்குடிக்குக் காரைச் செடியால் பெயர் வந்தது என்பார்கள். காரை பூசிய வீடுகளால் வந்தது என்போரும் உண்டு. நகரத்தார் கோயில் ஒன்பதில் ஒன்றான இலுப்பைக்குடியின் பெயரிலேயே இலுப்பை நிற்கிறது. பிள்ளையார்பட்டிக்குத் தலமரம் மருதம். இந்த மூன்றையும் ஒரே அளவில், ஒரே மாதிரி மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் ஜன்னல் வெட்டிய அட்டை) போட்டு வரிசையாக வைத்தால் அது ஒரு தொகுப்பு ஆகிவிடும், தனித்தனிப் பூப்படங்களைவிட ஆட்களை அதிக நேரம் நிறுத்தும். இவற்றோடு ஆவாரை, பூவரசு, எருக்கு, தும்பை, நொச்சி, செங்காந்தள், பனங்காய். தை பிறக்கும் முன் நடக்கும் சந்தை என்றால் காப்புக் கட்டுகிற ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் ஒரே கொத்தாக வரைந்து, அச்சிட்ட சின்ன அட்டையாகவும் வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். விற்கும் என்பதற்காக நிறத்தைக் கூட்டாதீர்கள், இதழைச் சேர்க்காதீர்கள். அப்படிச் செய்த அன்றே அது தாவர ஓவியம் இல்லை என்றாகிவிடும்.

செடி தெரிந்தவர்கள் வந்து தப்புக் கண்டுபிடித்தால்?

கண்டுபிடிப்பார்கள். இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்கள் தாவரவியல் ஆசிரியரைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடங்கள் சில உண்டு.

காரையில் முள் எதிரெதிராக வரும். சரியாக இலைக்கோணத்தில் இருக்காது, அதற்குச் சற்று மேலே கிளம்பும். எலுமிச்சை முள்ளை நினைத்துக்கொண்டு வரைந்தால் போச்சு. ஆவாரையில் எல்லோரும் மஞ்சள் பூவிலேயே கவனமாக இருந்து இலையடிச் செதிலை விட்டுவிடுகிறார்கள். காம்பின் அடியில் காதுமடல் போல அகலமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். ‘சென்னா ஆரிகுலேட்டா’ என்ற அறிவியல் பெயரில் ‘ஆரிகுலேட்டா’ என்பதே ‘காதுடையது’ என்றுதான் பொருள் தரும். அது இல்லாத ஆவாரைப் படம் கொன்றைக் குடும்பத்தில் எதுவாகவும் இருக்கலாம்.

பூவரசம்பூ காலையில் மஞ்சள், சாயங்காலம் வாடும்போது செந்நிறம். இரண்டு நிறத்தையும் ஒரே பூவில் கலக்கக் கூடாது. காலைப் பூ ஒன்று, மாலைப் பூ ஒன்று என்று இரண்டாக வரையுங்கள். இலுப்பையில் சிக்கல் வேறு. அதன் அல்லி (பூவின் உள்ளிதழ்த் தொகுதி) விடியலில் முழுசாகக் கழன்று விழுந்துவிடும், மகரந்தத் தாள்களும் அதோடு போய்விடும். கிளையில் பழுப்பு ரோமம் படர்ந்த புல்லியும், அதிலிருந்து ஊசிபோல் நீட்டிய சூல்தண்டும்தான் மிஞ்சும். பத்து மணிக்குப் போய்ப் பார்த்து வரைபவர் அதைப் பூ என்று நினைத்துவிடுகிறார். மாசி, பங்குனியில் விடியும் முன்பே மரத்தடியில் இருக்க வேண்டும். விழுந்த அல்லியைத் தனியாகப் படத்தின் அடியில் ஒன்றிரண்டு வரைந்துவிட்டால் முழுக்கதையும் வந்துவிடும்.

அளவையும் விடாதீர்கள். நிஜ அளவா, இரண்டு மடங்கா என்று பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், அல்லது ஒரு சென்டிமீட்டர் கோடு போடுங்கள்.

கோயில்காட்டில் கிளை ஒடித்து வரலாமா?

கூடாது. அங்கேயே உட்கார்ந்து வரையுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், விழுந்ததை மட்டும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் பறிக்கும் கிளையை ஈரத்துணியில் சுற்றி, மூடிய எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பெரும்பாலானவை ஓரிரு நாள் தாங்கும். தும்பைப்பூ தாங்காது. அதைச் செடி நின்ற இடத்திலேயே முடித்துவிடுங்கள்.

எந்தத் தாள், எந்த வண்ணம்?

முழுப் பருத்தியில் செய்த, அமிலம் இல்லாத, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள ஹாட் பிரஸ் தாள், அதாவது சூட்டில் அழுத்தி வழவழப்பாக்கியது. அதன் வழவழப்பில்தான் நரம்பும் ரோமமும் கூர்மையாக வரும். மரக்கூழ்த் தாளில் வரைந்தது சில ஆண்டுகளில் பழுக்கும், வாங்கியவர் திரும்பி வந்து கேட்பார்.

வண்ணக் குழாயின் மேல் நிறமியின் குறியீடும் ஒளியைத் தாங்கும் தரமும் அச்சிட்டிருக்கும். பார்த்து வாங்குங்கள். அலிசரின் கிரிம்சனும் ஓபரா ரோஸும் வெளிச்சத்தில் வெளுத்துவிடுபவை. செங்காந்தளின் சிவப்புக்கு பைரால் சிவப்பும், ஊதா கலந்த இளஞ்சிவப்புக்கு குயினாக்ரிடோன் ரோஸும் நம்பிக்கையானவை. மாணவர்களுக்கான மலிவு வண்ணப் பெட்டியில் வரைந்ததை விற்காதீர்கள், பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மவுண்டும் ஃபிரேமும் எப்படி இருக்க வேண்டும்?

ஃபிரேம் கடைக்காரர் சாமி படத்துக்குப் போடுகிற மாதிரியே போட்டுத் தருவார். அதாவது கண்ணாடி, அதில் ஒட்டினாற்போல் படம், பின்னால் ஹார்டுபோர்டு, ஓரத்தில் செல்லோ டேப். நீர்வண்ணப் படத்துக்கு இந்த முறை ஆகாது. மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் தாள் அதில் ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஹார்டுபோர்டின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். செல்லோ டேப்பின் பசை எண்ணெய்க் கறையாக முன்பக்கம் வரும், பிறகு அதை எடுக்க வழி இல்லை.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: அமிலம் இல்லாத மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டித் தர வேண்டும், மூன்று பக்கமும் 6 சென்டிமீட்டர், அடிப்பக்கம் மட்டும் 7.5. அடியில் கொஞ்சம் கூட்டி வைக்காவிட்டால் படம் கீழே சரிந்த மாதிரி தெரியும். பின்னால் அமிலம் இல்லாத அட்டை ஒன்று, அதற்கும் பின்னால்தான் ஃபோம் போர்டு. படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய பருத்தித்தாள் துண்டும் மைதா இல்லாத சுத்தமான ஸ்டார்ச் பசையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பும்.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால், சந்தைக்குச் சந்தை தூக்கிச் செல்பவருக்கு அக்ரிலிக். ஏ3 படத்துக்கு மேலே சொன்ன மவுண்ட் போட்டால் 2 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் எடை, அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு. கீறல் விழும் என்பதுதான் குறை. வேட்டித்துணி போன்ற மெல்லிய பருத்தித்துணியால் மட்டும் துடையுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஃபிரேம் போட வேண்டியதும் இல்லை. பத்துப் படம் கொண்டுபோனால் நான்குக்கு ஃபிரேம், மற்றவை மவுண்டோடு பிளாஸ்டிக் உறையில். ரயிலிலும் விமானத்திலும் திரும்புபவர்கள் உறையில் இருப்பதைத்தான் எடுப்பார்கள்.

பழைய வீட்டில் கண்காட்சி. சுவரில் ஆணி அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி இழைத்த சுவர் அது. ஒரு ஆணிக்கு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும், அதே மெருகோடு அடைக்கத் தெரிந்த கொத்தனாரும் இன்று அரிது. இருபக்க டேப்பும் வேண்டாம், மெருகை உரித்துக்கொண்டு வரும். பர்மா தேக்குத் தூணிலும் எதையும் திருகாதீர்கள்.

ஈசல் (படத்தை நிறுத்தும் தாங்கி), மடக்குத் தட்டி, அல்லது இரும்புச் சட்டத்தில் கம்பிவலை. 6 அடி உயரம், 4 அடி அகலத் தட்டி ஒன்றில் ஏ3 ஃபிரேம் நான்கு அல்லது ஆறுக்கு மேல் திணிக்க வேண்டாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 4¾ அடியில் இருந்தால் நின்று பார்ப்பவருக்குச் சரியாக இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற ஏற்பாடு என்றால் ஒரு அடி இறக்குங்கள்.

தரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது. ஈசல் கால்களுக்கு ரப்பர் குப்பி போடாவிட்டால், ஒரு குழந்தை இடித்தாலும் கால் விரிந்து படம் குப்புற விழும். இன்னொன்று, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அந்தத் தரை கத்துகிறபோது வெள்ளைத் தாளில் மெல்லிசாக வரைந்த தும்பைச் செடி தோற்றுப்போகும். தட்டியின் பின்னால் சாயமிடாத காடாத்துணியைத் தரை வரைக்கும் தொங்கவிடுங்கள். கண் ஒதுங்க ஓர் இடம் கிடைத்தால்தான் படம் தெரியும்.

வெளிச்சம்?

வளவின் (வீட்டின் நடு முற்றம்) வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். காலை ஒன்பதுக்கு நிழலாக இருந்த இடம் மதியம் சுடும். முதல் நாளே போய் மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு இடம் கேளுங்கள். மாலைக்கு 4000 கெல்வின் எல்இடி விளக்கு, நிறக் காட்டி எண் (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, சிஆர்ஐ) 90க்கு மேல். மஞ்சள் பல்பில் ஆவாரம்பூவும் தாளும் ஒன்றாகிவிடும்.

எந்த மாதங்களில் கடை போடலாம்?

மார்கழிக் கடைசி முதல் மாசி வரை. மழை ஓய்ந்திருக்கும், பயணிகள் வருவார்கள், ஊர்க்காரர்களும் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரமே தாளைக் கெடுக்கும். ஆடியில் திறந்த வெளி வேண்டாம், காற்று தட்டியைச் சாய்த்துவிடும். கோயில் திருவிழாக் கூட்டத்தில் அசல் ஓவியம் நகராது, அங்கே அட்டையும் புத்தகக்குறியும் மட்டும் கொண்டுபோங்கள்.

விலையை எப்படி வைப்பது?

கணக்கு விளங்க ஓர் உதாரணம். ஏ4 படத்துக்கு 30 மணி நேரம் ஆகிறது, மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 4,500. தாளும் வண்ணமும் 300, மவுண்டும் ஃபிரேமும் 1,200. ஆக 6,000 ரூபாய் கைக்கு வர வேண்டும். விடுதியோ கண்காட்சி நடத்துபவரோ 30 சதவீதம் கமிஷன் கேட்டால், 6,000த்தோடு 30 சதவீதம் கூட்டி 7,800 என்று போடுகிறார்கள். தப்பு. 7,800க்குக் கமிஷன் 2,340, உங்களுக்கு மிஞ்சுவது 5,460. 6,000த்தை 0.7 ஆல் வகுக்க வேண்டும், 8,571 வரும், 8,600 என்று எழுதுங்கள்.

ஒரே படத்துக்கு விடுதியில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை, வீட்டில் ஒரு விலை என்று வைக்காதீர்கள். காரைக்குடி சின்ன ஊர். ஒரே வாரத்தில் பேச்சு வந்துவிடும், அடுத்த முறை விடுதிக்காரர் கூப்பிட மாட்டார். கமிஷன் இல்லாத இடத்திலும் அதே விலைதான்.

‘கடைசி விலை சொல்லுங்க ஆச்சி’ என்று பேரம் பேசினால்?

கோபப்பட வேண்டாம், காய்கறிக்கும் பட்டுக்கும் கேட்கிற கேள்விதான். விலையைக் குறைக்காமல் பொருளைச் சேர்த்துக் கொடுங்கள். அதே செடியின் அட்டை இரண்டை ஒரு சின்னக் கொட்டானில் (ஓலைக் கூடை) வைத்துத் தந்தால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார்கள். மூன்று படம் சேர்ந்து எடுப்பவருக்குக் குறைக்கலாம், அதற்கு நியாயம் இருக்கிறது. கூட்டம் கலைகிற கடைசி ஒரு மணி நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட மட்டும் வேண்டாம், காலையில் முழு விலை கொடுத்தவருக்குச் செய்கிற துரோகம் அது.

பிரிண்ட் போட்டால் அசல் விற்குமா?

விற்கும். இரண்டையும் வாங்குபவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் ‘பிரிண்ட்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும், அசலோடு ஒரே வரிசையில் கலக்கக் கூடாது. ஏ4 படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏ2 வரை பெரிதாக்கி 300 டிபிஐயில் அச்சிடலாம். செல்போனில் எடுத்த படத்தில் மங்கலான முதல் பூச்சு காணாமல் போகும், வெண்பூக்களுக்கு விளிம்பே இருக்காது. பிக்மென்ட் மை, பருத்தித்தாள் என்று அச்சகத்தில் சொல்லிக் கேளுங்கள். 50 பிரதி என்று முடிவு செய்தால் ஒவ்வொன்றிலும் 1/50, 2/50 என்று பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுங்கள், 51ஆவது வரக் கூடாது.

கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை) தாம்பூலப் பையில் வைக்க அட்டை கேட்பார்கள். ஒன்றரை மாதம் முன்பே பேசி, பாதித் தொகை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது?

முதலில் தமிழ்ப்பெயர், பெரிதாக. கீழே அறிவியல் பெயர். பிறகு பார்த்த இடம், மாதம், ஊடகம், அளவு, விலை. ‘இலுப்பை, மதுகா லாங்கிஃபோலியா, இலுப்பைக்குடி, பங்குனி, பருத்தித்தாளில் நீர்வண்ணம்’ என்று எழுதி, அளவும் விலையும் போட்டால் போதும், கவிதை வேண்டாம். விலையை எழுதாமல் விட்டால் கூச்சப்படுபவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள்.

படத்தின் பக்கத்தில் உயிர்ச்செடி வைக்கலாமா?

வையுங்கள், அதைப்போல ஆளை இழுப்பது வேறில்லை. படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஒரு எச்சரிக்கை: செங்காந்தளின் எல்லாப் பகுதியிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில் மிகுதி. குழந்தைகள் வருகிற இடத்தில் அதை வைக்காதீர்கள். எருக்கிலும் பால் வடியும், கண்ணில் பட்டால் ஆபத்து.

வெளிநாட்டவர் வாங்கினால் எப்படிக் கட்டித் தருவது? பில் வேண்டுமா?

300 ஜிஎஸ்எம் தாளைச் சுருட்டிக் குழாயில் போடாதீர்கள், மடிப்புக்கோடு விழும். படத்தைவிட 3 சென்டிமீட்டர் பெரிய இரண்டு அட்டைக்கு நடுவே உறையோடு வைத்து, நான்கு மூலையும் டேப் போட்டால் பெட்டியில் துணிகளுக்கு இடையே பத்திரமாகப் போகும்.

பில் கட்டாயம் கொடுங்கள். காரைக்குடிக்கு வருபவர்கள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளும் வாங்கியிருப்பார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால், உங்கள் படம் புதியது என்று காட்ட ஓவியர் பெயர், வரைந்த ஆண்டு, விற்ற தேதி எழுதிய பில்தான் அவர் கையில் இருக்கும்.

பணம் வாங்குவது?

யுபிஐ கியூஆர் அட்டை, அதோடு 100, 50 ரூபாய்ச் சில்லறை. தடித்த சுவருக்குள் சிக்னல் கிடைக்காது, கியூஆரை முகப்பில் வையுங்கள். பணம் வந்த சேதியைப் பார்த்த பிறகே படத்தைக் கட்டுங்கள்.

படத்தை விற்றால் காப்புரிமையும் போய்விடுமா?

போகாது. எழுத்தில் தனியாக எழுதிக் கொடுத்தால் ஒழிய உரிமை ஓவியரிடமே இருக்கும், அவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம், மறுபடி விற்கலாம். காலண்டரிலோ விடுதியின் மெனு அட்டையிலோ அச்சிட வேண்டுமென்றால் உங்களிடம் கேட்க வேண்டும். இதை பில்லின் அடியில் ஒரு வரியில் அச்சிட்டுவிடுங்கள். நீங்களும் இணையத்தில் கிடைத்த அடுத்தவர் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்காதீர்கள்.

விற்காத படங்களை எப்படி வைப்பது?

சந்தை முடிந்த அன்றே பெட்டியில் அடுக்கி மூடிவிடாதீர்கள். பகல் முழுக்க வாங்கிய ஈரம் உள்ளேயே நின்று, ஒரு மாதத்தில் பழுப்புப் புள்ளிகளாக வரும். உறையிலிருந்து எடுத்து, மின்விசிறி ஓடுகிற நிழலான அறையில் ஓரிரவு ஆறவிட்டு, இடையிடையே அமிலம் இல்லாத மெல்லிய தாள் வைத்துப் படுக்கை வாட்டத்தில் அடுக்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள், நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். பூச்சிக்கு வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், தாளில் பட்டால் கறை. பெட்டியைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் முக்காலி மேல் வையுங்கள், கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை, தை முடிந்து ஒரு தடவை, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பூஞ்சை பெரும்பாலும் முதலில் அங்கேதான் பிடிக்கும்.